லாரி விற்ற பணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைத் தேடி வரும்போது இரண்டு கேள்விகளில் ஒன்றோடு வருகிறார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்பது ஒன்று. அப்படிக் கேட்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். "சார், எங்கிட்ட ஒரு முறை இருக்கு. சொந்தப் பணத்துல செஞ்சு பாத்துட்டேன், நல்லா வருது. பெரிய அளவுல செய்ய வெளியில பணம் வேணும். யாரு தருவாங்க?" என்பது மற்றது. இதைக் கேட்கிறவர்களுக்குக் காபியோடு பலகாரமும் உண்டு. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பஸ் பஸ்ஸாக அலைந்தவன்தான்.

இன்றைக்கு இதற்கெல்லாம் உரிமம், விதி, தணிக்கை எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. அவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், மீறாதீர்கள். நான் சொல்ல வருவது அங்கே எழுதப்படாத சங்கதி.

தொண்ணூற்றைந்தில் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினேன். கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் ஆகாயத்துக்குப் போய்த் தரைக்கு வந்தபோது நானும் கூடவே வந்தேன். அந்த அடியில்தான் எனக்கு ஒரு முறை பிறந்தது. நன்றாக ஏறிக்கொண்டிருக்கிற பங்கை வாங்குவது. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு அது இறங்கிவிட்டால், ஏன் எதற்கு என்று கேட்காமல் விற்றுவிட்டு வெளியே வருவது. அவ்வளவுதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கடைப்பிடித்துப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மூன்று வருடம் சொந்தப் பணத்தில் செய்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் சின்னப் பணத்துக்கு வருகிற லாபமும் சின்னதுதான், அதில் குடும்பம் நடத்த முடியாது. வேலையை விட்டேன். திருச்சித் தரகர் ஒருவரின் கிளையாகப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, மூன்று கம்ப்யூட்டர் வைத்து, மொட்டை மாடியில் சந்தையோடு இணைக்கிற பெரிய டிஷ் குடையைக் கவிழ்த்தேன். கீழே போகிறவர்கள் அதைப் பார்த்து, "எல்லா சேனலும் வருமா சார்?" என்று கேட்டார்கள்.

என் மனைவி மங்கை மீன்சுருட்டிக்காரி. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கெடு மட்டும் வைத்தாள்.

"ஆடி பொறக்குற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள யாராச்சும் உங்கள நம்பிப் பணம் குடுத்தா செய்யுங்க. இல்லாட்டி எங்க அண்ணன் உரக்கடையில கல்லாப்பெட்டிக்கு ஆளு இல்லாமத்தான் இருக்கு."

அந்தக் கல்லாப்பெட்டியை நினைத்தாலே எனக்குத் தும்மல் வரும். மச்சான்கள் இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் யூரியா மூட்டை நடுவில் உட்கார்ந்து, "மாப்ளைக்கு ஷேர்ல தெரியாதது இல்ல, இருந்தாலும் இங்க உக்காந்திருக்காரு" என்று ஊரே சொல்வதைக் கேட்டுக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். ஆடிக்குள் ஆள் பிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது.

முதலில் போனது ஓர் அரிசி ஆலைக்காரரிடம். என் தாள்களை அவர் பார்க்கவே இல்லை.

"மாசம் நூத்துக்கு ரெண்டு குடுத்துடு. அதுக்கு மேல வர்றதெல்லாம் நீயே வெச்சுக்க. சரியா?"

கேட்கவே இனித்தது. நல்ல மாதங்களில் நான் ராஜா. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அவர் ஆலைக்கு எதிரே பூட்டிக் கிடந்த பைனான்ஸ் கம்பெனியின் பலகை கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படி எத்தனையோ கதவுகள் பூட்டிக் கிடந்தன. மாதா மாதம் இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தவர்கள்தான் எல்லாரும். வராத மாதத்தில் அடுத்தவன் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள், அப்புறம் ஓடினார்கள். திறந்த வாயால், "அப்படி உறுதி சொல்ல முடியாதுங்க" என்றேன். "அப்ப எதுக்குய்யா வந்தே?" என்றார். வெளியே வந்து வருத்தத்தில் நாலு பஜ்ஜி தின்றேன். ஆனால் அன்றைக்கு நான் செய்தது சரி என்று பஜ்ஜி செரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பணம் கிடைக்காமல் போனால் உரக்கடை இருக்கிறது. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டால் போவதற்கு ஊரே இருக்காது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்புறம்தான் அரியலூர் லாரி முதலாளியைப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் வைத்திருந்தார். பெயர் ராமலிங்கம். ஆலையில் இருந்தபோதே வாடகைப் பட்டியலோடு வருவார், பழக்கம். பழைய லாரி இரண்டை விற்ற பணம் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஷெட்டை ஒட்டியே வீடு. என் முறையை விளக்கினேன். பணம் என் கைக்கு வராது, கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கும், வாங்குவதும் விற்பதும் மட்டும் நான், லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு எனக்கு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"இருங்க தம்பி, வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடுறேன்."

உள்ளே போய்த் திரும்பி வந்தார். "கெட்ட வருசத்துல எவ்வளவு போகும்னு கேக்குறாங்க."

"பத்துல ரெண்டு போகலாம்ண்ணே. அதுக்கு மேலயும் போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மறுபடி உள்ளே போனார், வந்தார். "சொந்தப் பணம் இதுல எவ்வளவு போட்டிருக்கீங்கன்னு கேக்குறாங்க."

"மொத்தமும் இதுலதான்ண்ணே இருக்கு."

இன்னொரு முறை போய்விட்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "எங்களுக்கு மூணும் பசங்க. பொண்ணு இல்ல. இந்தப் பணத்த வெளியில குடுக்குறது பொண்ணு குடுக்குற மாதிரின்னு சொல்லுறாங்க. விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவாங்களாம். நீங்க போயிட்டு வாங்க."

உள்ளே இருந்தது அவர் மனைவி தனபாக்கியம். நான் அவரைப் பார்க்கவில்லை, குரலைக்கூடக் கேட்கவில்லை. விசாரிக்கிறேன் என்று எல்லாரும் சொல்வதுதானே என்று பஸ் ஏறிவிட்டேன். அந்த அம்மாள் சொன்னால் சொன்னதைச் செய்கிறவர் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. நேராக வீட்டுக்குப் போக மாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள். முடிவெட்டுபவரிடம் கேட்பார்கள். வீட்டுக்காரரிடம், பால்காரரிடம், டவுன் பஸ் கண்டக்டரிடம் கேட்பார்கள். ஆள் எப்படி, குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா, கோபக்காரரா, கடன் இருக்கா. தனபாக்கியம் அக்கா பெரம்பலூருக்கு வந்து இதையே எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். யார், எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு விசாரித்தால் அது விசாரிப்பா என்பது அவர் கட்சி.

கேட்கப்பட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஊரில் இந்தக் கேள்விகளை ஒரே காரியத்துக்குத்தான் கேட்பார்கள். நாற்பதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற, ஊரறிந்த சம்சாரியான எனக்கு யாரோ பெண் கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு எதுவும் தெரியாது. முடிவெட்டப் போனால் வழக்கமாக அரசியல் பேசுகிறவர், "சார், லேசா டை அடிச்சு விடட்டுமா? பத்து வயசு கொறஞ்சிரும்" என்றார். டீக்கடைக்காரர் வடைக்குக் காசு வாங்க மறுத்து, "நான் நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன் சார்" என்று கண்ணைச் சிமிட்டினார். வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார். பங்குச் சந்தையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ரிஸ்க் எடுத்தாத்தானே சார்" என்று வேறு பதில் சொல்லித் தொலைத்தேன்.

சேதி பஸ் ஏறி ஜெயங்கொண்டம் தாண்டி மீன்சுருட்டியில் இறங்கிவிட்டது.

இதெல்லாம் நடந்தது 2004 மே மாதம். தேர்தல் முடிவு வந்து ஆட்சி மாறுகிற நேரம். வெள்ளிக்கிழமையே சந்தை சரிந்தது. என் பங்குகளில் பாதி அன்றைக்கே விலையில் பத்தில் ஒன்று இறங்கிவிட, முறைப்படி விற்றுவிட்டேன். மிச்சப் பாதியோடு திங்கட்கிழமை காலை உட்கார்ந்தேன். அறை நிறைய ஆட்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றியில் குங்குமமும் மடியில் தேங்காய் பழப் பையுமாக ஓர் அம்மாள். சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அங்கே போய்விட்டு வருகிற யாரோ வாடிக்கையாளரின் மனைவி என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தை திறந்தது. திறந்தது என்று சொல்வதைவிட விழுந்தது என்று சொல்லலாம். திரை முழுக்கச் சிவப்பு. என் மிச்சப் பங்குகளும் பத்தில் ஒன்று என்ற அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கின. விற்க வேண்டும். விரல் விசைமேல் இருக்கிறது, அழுத்த மறுக்கிறது. விற்றால் அந்த வருடம் சேர்த்த லாபம் ஏறக்குறைய மொத்தமும் போச்சு. நல்ல கணக்கைக் காட்டி ஆடிக்குள் ஆள் பிடிக்கிற கனவும் போச்சு. விற்காமல் இருந்தால் நாளைக்கே ஏறலாம்.

"விக்காதீங்க சார்! சும்மா பயத்துல விழுவுது, திரும்பிடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அந்த நொடியில் வீரம் எதுவும் எனக்கு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. இன்றைக்கு நான் விற்கவில்லை என்றால் என்னிடம் முறை என்று ஒன்று இல்லை, ஆசை மட்டும்தான் இருக்கிறது. ஆசையைக் காட்டி அடுத்தவரிடம் பணம் கேட்க எனக்கு வாய் வராது. அழுத்தினேன். எல்லாம் விற்றாயிற்று. சற்று நேரத்தில் சந்தை இன்னும் சரிந்து, வியாபாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் டீயும் போண்டாவும் சொல்லி அனுப்பினேன். வேறு என்ன செய்வது?

மூலையிலிருந்த அம்மாள் கேட்டார். "என்ன தம்பி, போச்சா?"

"போச்சுங்கம்மா. இந்த வருசம் சம்பாதிச்சது எல்லாம் போச்சு. மொதலு இருக்கு."

"அத்தன பேரு வேணாம்னாங்களே, ஏன் வித்தீங்க?"

"இப்படித்தான் செய்வேன்னு அரியலூர்ல ஒருத்தருகிட்ட சொல்லியிருக்கேன்ம்மா. அவங்க பணம் தரப்போறதில்ல, அது வேற விஷயம். சொன்னது சொன்னதுதானே."

அவர் போண்டாவை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் மாடிப்படி அதிர்ந்தது. மீன்சுருட்டி மச்சான்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பின்னால் மங்கை. அவள் முகம் அழுது சிவந்திருந்தது.

"மாப்ள, எந்த ஊரு பொண்ணு?" என்றார் பெரிய மச்சான்.

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காதீங்க. பெரம்பலூரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. உங்களப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்காங்கல்ல? எங்க தங்கச்சி உசுரோட இருக்கும்போதே உங்களுக்கு ரெண்டாவது கேக்குதா?"

வியாபாரம் நின்றிருந்ததால் அறையில் இருந்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையில்தான் ஒரு வருட உழைப்பைத் தொலைத்தேன், இப்போது குடும்பமும் போகிறதா என்று தலை சுற்றியது. சின்ன மச்சான் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

மூலை நாற்காலி நகர்ந்தது. அந்த அம்மாள் போண்டாவை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"அவர விடுங்க தம்பி. விசாரிச்சது நாந்தான்."

மச்சான்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கனமான தாலிக்கொடி.

பெரிய மச்சான் என்னிடம் திரும்பி, நிஜமான அதிர்ச்சியோடு கேட்டார். "மாப்ள... இந்தம்மாவா?"

அறை அதிர்ந்தது. நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. தனபாக்கியம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட கூறு கெட்டவனுங்களா! நான் அரியலூரு லாரிக்காரரு சம்சாரம். பொண்ணுக்கு இல்ல, எம் பணத்துக்கு விசாரிச்சேன்" என்றார். எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் மங்கை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உடனே அடுத்த கவலை வந்துவிட்டது.

"அக்கா, விசாரிச்சதுல என்ன சொன்னாங்க?"

"குடி இல்ல, சீட்டு இல்லன்னாங்க. கடன் இல்லன்னாங்க. டீக்கடைக்காரரு மட்டும் கொஞ்சம் அதிகமாவே புகழ்ந்துட்டாரு, அத நான் கழிச்சுட்டேன்."

சின்ன மச்சான் என் சட்டையைத் தட்டி நேராக்கிவிட்டார். அக்கா பிரசாதத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, முடிவு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா? சந்தை மளமளவென்று ஏறிவிட்டது. விற்காமல் இருந்தவர்கள் எல்லாரும் மீண்டுவிட்டார்கள். விற்ற நான் ஒருவன்தான் முட்டாள். "நேத்து போண்டா நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளபடியே வலித்தது. இனி லாரிக்காரர் எங்கே வரப்போகிறார் என்று உரக்கடைக் கல்லாவை மனதுக்குள் துடைக்க ஆரம்பித்தேன்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில், ஆடி பிறக்கும் முன், ராமலிங்கம் அண்ணனும் அக்காவும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணன் கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, அக்கா பெயரில் கணக்கு தொடங்குவதற்கான காசோலை. மங்கை சொல்லி அனுப்பி மச்சான்களும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று பெரிய மச்சான் முன்னால் வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் அதே பெருமிதத்தில் இருந்தார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். "அக்கா, மறுநாளே ஏறிடுச்சே. நான் பண்ணது தப்பாப் போச்சே. அப்புறமும் எப்படி?"

"ஏறுனது எறங்குனது எனக்கு என்ன தெரியும் தம்பி? ஊரே வேணாம்னு கத்துது, கை நடுங்குது உங்களுக்கு, நான் பாத்தேன். நடுங்கிக்கிட்டே சொன்னதச் செஞ்சீங்க. நான் யாருன்னு தெரியாமலே, 'போச்சு'ன்னு நெசத்தச் சொன்னீங்க. மாப்பிள்ளைக்கு வேற என்ன வேணும்?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். நாம் லாபக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். பணம் கொடுக்கிறவர்கள் பார்ப்பது, தோற்கிற நாளில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை. அந்த நாளில் அவர்கள் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு தொழில் செய்யுங்கள்.

அடுத்த மூன்று வருடங்கள் சந்தைக்கும் நல்ல காலம், எனக்கும் நல்ல காலம். அக்காவைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். இந்த முறை டீக்கடைக்காரர் ஒழுங்காகச் சொன்னார்.

2007-ல் அக்காவின் கடைசி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கணக்கை முடித்து, அவர் பெயருக்கு வந்த காசோலையை நானும் மங்கையும் எடுத்துக்கொண்டு போனோம். வெறுங்கையோடு போக மங்கை விடவில்லை. அதே தாம்பாளத்தில், அதே போல வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து நடுவில் காசோலையை வைத்திருந்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையைப் பார்த்தார். கொடுத்ததைப் போல மூன்று மடங்கு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா, தனியாப் போனவ புள்ளகுட்டியோட வந்திருக்கா."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அக்கா காசோலையைக் கண்ணில் ஒற்றி எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். வரும்போது கையில் வேறொரு காசோலை இருந்தது. முன்பு கொடுத்த அதே தொகை, கொடுத்த அளவு மட்டும். அதைத் தாம்பாளத்தில் வைத்து மங்கையின் கையில் கொடுத்தார்.

"பேரப்புள்ளைங்க எங்கிட்ட இருக்கட்டும், கல்யாணச் செலவுக்கு ஆவும். கட்டிக் குடுத்த பொண்ண எத்தன நாளு பொறந்த வூட்ல வெச்சுக்கிறது? கூட்டிட்டுப் போங்க."